இரத்தக்குழாய் அறுவைக்குப் பிறகு வீட்டில்: வாசகர் கேள்விகள், செவிலியர் பதில்கள்

சென்ற இதழில் கால் தமனி அடைப்புக்குச் செய்யப்படும் பைபாஸ் அறுவை பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறுவையைப் பற்றிக் கேட்கவில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது என்றே கேட்டிருந்தன. ஆகவே, இரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பில் நெடுங்காலமாக இருக்கும் செவிலியர் ஒருவர் இம்முறை பதில் அளிக்கிறார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. காலில் பைபாஸ் செய்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். பிறகு, “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. இப்படிக் கேட்பது தேவைதானா?

கேட்க வேண்டியது தேவைதான். கேட்ட விதத்தில்தான் குறை. அந்தச் செவிலியர் உண்மையில் சோதித்தது உங்கள் அப்பாவை அல்ல, தம்முடைய விளக்கத்தை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் மனம் புண்பட்டிருக்காது. “நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும், வீட்டுக்குப் போனதும் இதை உங்கள் மகளுக்கு எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டிருக்கலாம்.

மருத்துவமனையில் சொல்லப்படுவதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதி தவறாகவே பதிந்திருக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு ஆசிரியர்களும் விலக்கல்ல. மருத்துவர்களே நோயாளியாகப் படுக்கும்போதும் விலக்கல்ல. வலி, பல இரவுத் தூக்கக் குறைவு, வலி மருந்தின் மந்தம், வீட்டுக்குப் போகிறோம் என்ற பரபரப்பு ஆகிய நான்கும் ஒன்றுசேரும் நாள் அது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு “புரிந்ததா?” என்று கேட்பேன். எல்லோரும் தலையசைப்பார்கள். காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லி அனுப்பிய பெரியவர் ஒருவர், ஒரு வாரம் கழித்துக் கால் வீங்கிப் புடைத்து, முழங்காலுக்குக் கீழே தையல் பிரிந்த நிலையில் திரும்பி வந்தார். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து, ஒரு சாண் உயர முக்காலியின் மேல் பாதத்தை வைத்திருந்திருக்கிறார். தரையைவிட அது உயரம்தானே! நான் சொன்னதை அவர் மீறவில்லை. நான் சொன்னதில்தான் அளவு இல்லை. அன்றிலிருந்து “புரிந்ததா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “வீட்டில் காலை எப்படி வைத்துக்கொள்வீர்கள், இந்தக் கட்டிலிலேயே காட்டுங்கள்” என்றுதான் கேட்கிறேன்.

அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அறுவை அடைபட்ட ஓரிடத்துக்கு மாற்று வழி அமைத்திருக்கிறதே தவிர, தமனியில் கொழுப்பும் சுண்ணமும் படியும் நோயை அகற்றவில்லை. அதே நோய் இதயத்தின் தமனிகளிலும் மூளைக்குச் செல்லும் தமனிகளிலும் இருக்கக்கூடும். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு பேசிய செவிலியர் உங்களுக்கு வாய்த்திருக்கிறார். பேசாமல் அனுப்பப்பட்டவர்களின் கடிதங்கள்தாம் இந்தப் பக்கத்தில் கீழே இருக்கின்றன.

கேள்வி: வலது காலில் பைபாஸ் நடந்து 12 நாட்கள் ஆகின்றன. அறுவைக்கு முன்பு மெலிந்திருந்த கால், இப்போது கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. மாலையில் செருப்பே நுழைவதில்லை. அறுவை தோற்றுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பல மாதங்களாக இரத்தம் போதாமல் வாடிய காலில் நுண்ணிய குழாய்கள் எல்லாம், கிடைத்ததை வாங்கிக்கொள்வதற்காக விரிந்தே இருந்து பழகியவை. இப்போது முழு அழுத்தத்தோடு இரத்தம் பாயும்போது அவற்றின் சுவர் வழியே நீர் கசிந்து தசையிலும் தோலடியிலும் தேங்குகிறது. போதாததற்கு, தொடை இடுக்கிலும் முழங்காலருகிலும் கீறும்போது நிணநீர்க் குழாய்கள் சில அறுபடுகின்றன. பலருக்குக் காலின் உட்புறத்தில் ஓடும் நீண்ட சிரையையே எடுத்து மாற்றுக் குழாயாகத் தைத்திருப்பார்கள். ஆகவே வீக்கம் வருவது வழக்கம். இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக வடிந்துவிடும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

குழப்பம் ஏற்படுவது வேறோர் இடத்தில். அறுவைக்கு முன்பு, இரவில் பாதம் வலித்தபோதெல்லாம் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் வலி தணிந்திருக்கும். புவியீர்ப்பு இரத்தத்தைக் கீழே இழுத்துக் கொடுத்தது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிடுகிறது. இப்போது செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே கால் முழுவதையும் தாங்கும்படி தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சு மட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்குமாறு வையுங்கள். குதிகால் எதன் மீதும் அழுந்தக் கூடாது. அங்கே தோல் புண்ணாகிவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்காராதீர்கள்; கால் மேல் கால் போடாதீர்கள்; அடிக்கடி எழுந்து சில நிமிடங்கள் நடங்கள். முழங்காலை மடக்கினால் உள்ளே தைத்த குழாய் பிய்ந்துவிடும் என்று அஞ்சிக் காலை விறைப்பாகவே வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படி ஒன்றும் ஆகாது, மடக்கலாம், நீட்டலாம்.

இறுக்கமான காலுறையையோ இழுத்துக் கட்டும் மீள்துணியையோ நீங்களாகவே அணிய வேண்டாம். புதிய குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதாக இருந்தால் அது நசுங்கும். அறுவை மருத்துவர் பார்த்து, அளவும் அழுத்தமும் குறித்துக் கொடுத்தால் மட்டும் அணியுங்கள்.

உங்கள் அச்சத்துக்குரிய அடையாளங்கள் வேறு. குழாய் அடைபட்ட கால் வீங்கி நிற்பதைவிட, திடீரெனச் சில்லிட்டு வெளிறிப்போகும், பழைய வலி அதைவிடக் கடுமையாகத் திரும்பி வரும், பாதம் மரத்துப்போகும், விரல்களை அசைக்க முடியாமற்போகும். இவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரத்தம் முற்றிலும் நின்றுபோன காலைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். சூடு வைக்காதீர்கள், தேய்த்துவிடாதீர்கள், மீண்டும் அறுவை தேவைப்படலாம் என்பதால் எதுவும் உண்ணாமல் பருகாமல் கிளம்புங்கள். கெண்டைக்கால் மட்டும் கல்போல் இறுகிச் சிவந்து வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள்.

நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுப்பது எளிய பழக்கம் ஒன்று. தினமும் காலையில் ஒரே நேரத்தில், புறங்கையை முதலில் ஒரு பாதத்தின் மேலும் பிறகு மறு பாதத்தின் மேலும் வைத்து வெப்பத்தை ஒப்பிடுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் கை கண்டுபிடித்துவிடும்.

தொடை இடுக்குக் காயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் அதிகம் சீழ் பிடிப்பது அதுதான். மடிப்பில் வியர்வை தேங்குவதே காரணம். கழுவியபின் ஒற்றியெடுத்து உலர்த்தி, மடிப்பில் உலர்ந்த துணித்துண்டு ஒன்றை வைத்திருங்கள். தெளிந்த நீர் கசிவது நிணநீராக இருக்கலாம். மருத்துவமனைக்குத் தெரிவித்தால் போதும். அங்கிருந்து இரத்தம் பீறிட்டால் படுக்க வைத்து, அந்த இடத்தை உள்ளங்கையால் விடாமல் அழுத்திக்கொண்டே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

கேள்வி: தொடையிலிருந்து காலுக்குப் புதுக்குழாய் வைத்தாகிவிட்டது. முன்பு நாளொன்றுக்கு 20 சிகரெட் பிடித்தேன்; இப்போது மூன்றாகக் குறைத்துவிட்டேன். இந்த அளவு தாங்காதா?

தாங்காது. உங்களுக்கு மனம் நோகாத பதிலைத் தர இயலவில்லை. “குறைத்துவிட்டேன்” என்பது இந்தப் பிரிவில் நான் அதிகம் கேட்ட சொல். சிகரெட் பிடிப்பதைத் தொடர்பவர்களுக்குப் பைபாஸ் குழாய் அடைபடும் வாய்ப்பு, விட்டவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்று மடங்கு. நிகோட்டின் தமனியைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகையின் நச்சு குழாயின் வழவழப்பான உட்சுவரைக் கெடுத்து, இரத்தத் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கிறது. இதற்கெல்லாம் 20 சிகரெட் தேவையில்லை. புகையிலையால் கை கால்களின் சிறு இரத்தக்குழாய்கள் அடைபடும் பர்கர் நோய் என்று ஒன்று உண்டு; அதில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பிடித்தாலே நோய் தணியாமல் விரல்களைத் தின்றுகொண்டே போகும். புகையிலையை மெல்வதற்கு மாறுவதும் தீர்வல்ல. நிகோட்டின் அதிலும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் நீங்கள் ஒன்றுகூடப் பிடித்திருக்க மாட்டீர்கள். எரிச்சலும் தவிப்பும் மிகக் கடுமையாக இருப்பது முதல் சில நாட்களில்தான். அந்த நாட்களை அறுவை வலியோடு சேர்த்து நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து மறுபடி தொடங்கியதால் அந்த உழைப்பு வீணாயிற்று. இம்முறை வெறும் மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம், வரெனிக்லின் மாத்திரை ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார். நிறுத்தும் தேதியை முடிவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்; வீட்டுக்குள் வேறு எவரும் புகைக்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கால் தமனியில் ஸ்டென்ட் (தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். பல் பிடுங்க வேண்டியிருப்பதால் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்தும்படி பல் மருத்துவர் சொல்கிறார். நிறுத்தலாமா? மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், அது பரவாயில்லையா?

ஸ்டென்ட் வைத்தவரைக் கேட்காமல் ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரையும் அறுவை மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேசச் செய்யுங்கள். நடுவில் நீங்கள் தூது போக வேண்டாம். ஓரிரு பற்களைப் பிடுங்குவதற்கு இம்மாத்திரைகளை நிறுத்தாமலேயே, அந்த இடத்தை அழுத்தியும் தையல் போட்டும் இரத்தத்தை நிறுத்திவிட முடிகிறது. புதிய ஸ்டென்டின் மேல் உட்சுவர்ப் படலம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்கள் இவை. மருந்தை நிறுத்தினால் உறைவு ஏற்பட இதைவிட வசதியான காலம் கிடையாது.

ஐபுபுரோஃபெனை இன்றே விட்டுவிடுங்கள். தட்டணுவில் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு அமர்ந்துவிடுவதால் ஆஸ்பிரின் பலனற்றுப் போகிறது. வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. மூட்டு வலிக்கு அளவோடு பாராசிட்டமால் பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பானது. கல்லீரல் கோளாறு இருந்தால் கேட்டுக்கொண்டு எடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வாங்கிப் போடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். குளோபிடோக்ரெல் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை அது குறைக்கிறது, மாற்று மருந்து உண்டு.

ஒரு வேளை மறந்துவிட்டால் பதற வேண்டாம், மறுவேளை இரண்டாகவும் போட வேண்டாம். கையில் சிறு நீலத் தடங்கள் தோன்றுவது இயல்பு. மலம் தார்போல் கறுத்துப் போனாலோ மூக்கில் வரும் இரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ உடனே வர வேண்டும்.

இதோடு ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். பரிசோதனையில் கொழுப்பு அளவு சரியாகிவிட்டது என்று அதைத் தாமாகவே நிறுத்துபவர்கள் ஏராளம். அளவு சரியானது அந்த மாத்திரையால்தான். தவிரவும், தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் அமைதியாக வைத்திருப்பதும் அதன் வேலை. தசை வலி ஏற்பட்டால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

கேள்வி: வலது காலில் பலூன் சிகிச்சை நன்றாக நடந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. ஆனால் நடக்கும்போது இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. மனைவி என்னை நடக்க விடுவதில்லை.

முன்பு வலது கால் உங்களை 100 அடியிலேயே நிறுத்திவிட்டதால், இடது கால் தன் குறையை வெளிக்காட்டும் தொலைவுக்கு நீங்கள் போகவே இல்லை. இப்போது போகிறீர்கள், அவ்வளவுதான். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் மறையும் வலி காலைக் கெடுப்பதில்லை. வலி ஓரளவு கடுமையாகும் வரை நடந்து, முற்றிலும் மறையும் வரை நின்று, மீண்டும் நடங்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடங்கள், வாரத்துக்கு மூன்று முறையாவது, குறைந்தது 12 வாரங்கள் இப்படிச் செய்தால் வலியில்லாமல் நடக்கும் தொலைவு நீளும். அம்மையார் அஞ்ச வேண்டியது வேறு வகை வலிக்கு: படுத்திருக்கும்போது பாதத்தில் வரும் வலி, விரலில் ஆறாத புண், நடக்கையில் நெஞ்சில் வரும் இறுக்கம். அவை இருந்தால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுமுறை நடக்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; நின்றால் வலி மறைவதைக் கண்ணால் பார்ப்பார்.

கேள்வி: சிரை எடுத்த இடத்தில், கணுக்காலின் உட்புறம் தொட்டால் உணர்ச்சி இல்லை. மூன்று மாதங்களாகிவிட்டன.

அந்தச் சிரையை ஒட்டியே தோலுணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. சிரையை எடுக்கும்போது அது இழுபடும் அல்லது அறுபடும். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், சிறு திட்டு நிலைத்தும்விடலாம். நடைக்கு அதனால் கேடில்லை. உணர்ச்சியற்ற இடத்தில் சூடுபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 15 ஆண்டுகளாக நீரிழிவு. விரல் ஒன்றை எடுத்து, தமனி அடைப்பையும் பலூன் மூலம் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். பாதம் சில்லென்று இருப்பதால் இரவில் வெந்நீரில் ஊறவைக்கிறேன். நல்லதுதானே?

அன்போடு செய்கிறீர்கள், ஆனால் நிறுத்திவிடுங்கள். நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மங்கிவிடுவதால், கொப்புளம் எழும் அளவுச் சூட்டிலும் அவர் “இதமாக இருக்கிறது” என்றே சொல்வார். வெந்நீர்ப் பையும் கூடாது. ஊறவைப்பது தோலை நெகிழ்த்தி விரலிடுக்கில் வெடிப்பையும் உண்டாக்கும். தளர்வான பருத்திக் காலுறையே குளிருக்குப் போதும்; வெள்ளை நிறமாக இருந்தால் மேலும் நல்லது, இரத்தமோ சீழோ கசிந்தால் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

கழுவும் நீர் வெதுவெதுப்பாக, 37 டிகிரிக்கு மேற்படாமல் இருக்கட்டும். அவர் பாதத்தால் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்துங்கள். வறண்ட குதிகாலுக்குக் களிம்பு தடவலாம், இடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். கால் ஆணிக்கென விற்கும் ஒட்டுப்பட்டைகளில் அமிலம் இருக்கிறது. அது ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். வீட்டுக்குள்ளும் செருப்பின்றி நடக்க வேண்டாம். காலணியை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். சட்டைப் பொத்தான் ஒன்று காலணிக்குள் கிடப்பது தெரியாமல் நாள் முழுவதும் அதன்மேல் நடந்து, அடிப்பாதத்தில் குழிப்புண்ணோடு வந்தவரை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பாதம் பார்க்கும் முறையைக் கற்பித்துவிட்டு, “யார் பார்க்கப் போகிறீர்கள்?” என்று கேட்பேன். பெரும்பாலும் நோயாளியே, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். இடுப்பு வளையாது, நீரிழிவால் பார்வையும் மங்கியிருக்கும். கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தாலும் அடிப்பாதம் தெளிவாகத் தெரியாது. ஆகவே அந்தக் கண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். தினமும், நல்ல வெளிச்சத்தில், அடிப்பாதம், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு என்று பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கீறல், நாற்றம் எது தென்பட்டாலும் வீட்டு மருந்தில் நாள் கடத்தாமல் மறுநாளுக்குள் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அவர் பாதத்தைப் பொறுத்தவரை வலியின்மைதான் நோய்.

கேள்வி: கழுத்துத் தமனி அடைப்பை அறுவை செய்து எடுத்து ஐந்து நாட்களாகின்றன. அறுவை நடந்த அதே பக்கம் கண்ணுக்குப் பின்னால் கடும் தலைவலி. மாத்திரை போட்டுத் தூங்கிவிடலாமா?

இக்கடிதத்துக்கு இதழ் வெளிவரும் வரை காத்திருக்க முடியாது என்பதால் அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே. தூங்கக் கூடாது, உடனே இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெடுநாள் குறைந்த இரத்தத்துக்குப் பழகிய மூளைப் பகுதிக்கு இப்போது முழுப் பாய்ச்சல் கிடைக்கிறது. அழுத்தமும் கூடியிருந்தால் அது வலிப்பிலோ மூளை இரத்தக் கசிவிலோ முடியலாம். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் வரை இந்த ஆபத்து உண்டு. முகம் ஒருபுறம் கோணினாலும், கை வலுவிழந்தாலும், பேச்சுக் குழறினாலும், கழுத்து வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானாலும் அதேபோல்தான். காது மடல் மரத்திருப்பதும் குரல் சற்றுக் கரகரப்பதும் நரம்பு இழுபட்டதால் வருபவை. அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும்.

கேள்வி: வயிற்றுப் பெருந்தமனி புடைத்திருந்ததால் தொடை வழியே உறைக்குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன், எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு எதற்கு ஆண்டுதோறும் ஸ்கேன்?

தொல்லை இல்லாததால்தான். இந்த முறையை 1990-இல் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில் அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி முதன்முதலில் செய்து காட்டியபோது அதன் சிறப்பே வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பதுதான். அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இந்த ஸ்கேன். திறந்து செய்யும் அறுவையில் புடைத்த பகுதிக்குப் பதிலாகப் புதுக்குழாயைத் தைத்துவிடுகிறார்கள். உங்களுக்குப் புடைப்பு அப்படியே இருக்கிறது, இரத்தம் மட்டும் உள்ளே செருகிய குழாய் வழியே ஓடுகிறது. குழாயின் விளிம்பிலோ, பக்கக் கிளைகள் வழியாகவோ புடைப்புக்குள் மீண்டும் இரத்தம் கசிந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. முதல் மாதம், ஓராண்டு முடிவில், பிறகு ஆண்டுதோறும் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் மருத்துவர் அதை மாற்றிச் சொன்னால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அவசர ஊர்தியை அழையுங்கள். உடன்பிறந்த ஆண்கள் இருந்தால் அவர்களும் தம் மருத்துவரைக் கேட்டு வயிற்று ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்வது நல்லது. இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது.

கேள்வி: பைபாஸ் பலனளிக்காமல் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது என்று இரவில் அழுகிறார். மனநிலை பாதிக்கப்பட்டுவிட்டதோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

அப்படிப் பேசுவதை அம்மாவின் காதில் விழுமுன் நிறுத்துங்கள். பாதம் போய்விட்டாலும் பாதத்துக்கு உரிய இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. அறுபட்ட நரம்புகளிலிருந்தும் சைகைகள் போய்க்கொண்டிருக்கின்றன. வலி மெய்யானது. வழக்கமான வலி மாத்திரைகளைவிட நரம்பு வலிக்கான மருந்துகள் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. மருத்துவரிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். காயம் ஆறிய இடத்தை மெல்லத் தட்டுவதும் வருடுவதும் சிலருக்கு ஆறுதல் தரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எஞ்சிய காலுக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களா? பார்ப்பதற்கு இதமாகத் தோன்றும், பலரும் வைக்கிறார்கள். ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் பிறகு செயற்கைக் கால் பொருத்த முடியாமற்போகும். முழங்கால் நீட்டியபடி இருக்கட்டும். அம்மாவால் இயன்றால் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கட்டும். அடுத்த காலின் பாதத்தை நீரிழிவுக் கேள்விக்குச் சொன்னபடியே தினமும் பாருங்கள்.

கேள்வி: நான் இந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர். ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்ப எனக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள். அதற்குள் எதைச் சொல்வது, எதை விடுவது?

அந்த 15 நிமிடங்களை அன்றைக்கென்று ஒதுக்கி வைத்ததில்தான் சிக்கல். அறுவைக்கு முந்தின நாளே தொடங்குங்கள். அறுவை முடிந்த இரண்டாம் நாள் கட்டு மாற்றும்போது காயத்தை நோயாளியே பார்க்கட்டும். நல்ல காயம் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கெட்ட காயத்தை அடையாளம் காண முடியாது. மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது எதற்கு என்று நீங்கள் சொல்லாமல் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நாடியைப் பார்க்கும்போது வீட்டில் கூட இருக்கப்போகிறவரின் விரலையும் அங்கே வையுங்கள். இதற்கெல்லாம் தனி நேரம் தேவையில்லை; வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலையைப் பேசிக்கொண்டு செய்தால் போதும்.

கடைசி நாளுக்கு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறி வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், எந்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, அடுத்து என்றைக்கு வர வேண்டும். இம்மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நான் தரும் தாளில் இரவில் அழைக்க வேண்டிய எண் மேலே இருக்கும். கீழே இருந்தால் பதற்றத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. படிக்கத் தெரியாதவராக இருந்தால் படம் வரைந்து கொடுங்கள், வீட்டில் படித்துச் சொல்பவர் யார் என்று கேட்டு அவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். உடலுறவு பற்றி அவர்களாகக் கேட்க மாட்டார்கள். பெருந்தமனி அறுவைக்குப் பின் ஆண்களுக்கு அதில் குறை ஏற்படலாம் என்பதை நீங்களே தயக்கமின்றித் தொடங்கிச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழையுங்கள். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் பதில் வரும். “இப்போது கால் எங்கே இருக்கிறது, தலையணை மேலா, தரையிலா?” என்று கேளுங்கள்.